மூன்றங்குலக் கிழிசலும் கச்சான் காற்றும்

துணி போர்த்த விமானம் ஒன்றின் இறக்கையின் அடிப்பக்கத்தில் ‘ட’ எழுத்தைப் போல ஒரு கிழிசல். ஏணியின் கொழுவி பட்டிருக்கும், அல்லது தள்ளுவண்டியின் மூலை இழுத்திருக்கும். ஒரு பக்கம் மூன்றங்குலம், மற்றப் பக்கம் இரண்டங்குலம். துணி எதுவும் காணாமற்போகவில்லை, முக்கோணமாய்த் தொங்குகிறது. மூடுகிற வேலை பெரிதல்ல. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவைதான் பெரிது. ஒட்டு பிரிந்து வந்தால் தைத்தவரைத் திட்டுவதுதான் வழக்கம். ஆனால் காரணம் பெரும்பாலும் தையலில் இருக்காது. சுற்றியிருக்கும் துணி, அதன் மேலிருந்த பூச்சு, அன்றைய காற்று ஆகிய மூன்றில் ஒன்றை யாரோ பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

திருகோணமலைக்குத் துணி போர்த்த விமானம் புதிதல்ல. 1942இல் ஜப்பானியர் குண்டுபோட்ட காலத்தில் சீனன்குடா ஓடுபாதையில் நின்ற ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் துணி போர்த்தவை. 1951இல் தொடங்கிய றோயல் சிலோன் விமானப்படையின் ஆரம்பப் பயிற்சி விமானமான சிப்மங்க்கிற்கு உடல் அலுமினியம். ஆனால் இறக்கையின் பின்பகுதிக்கும் அசையும் பரப்புகளுக்கும் துணிதான். ‘இது உலோக விமானம்’ என்று நினைத்து ஏணியைச் சாய்ப்பவர்கள் சிப்மங்க்கில்தான் ஓட்டை போடுவார்கள்.

முதலில் உள்ளே பாருங்கள்

கிழிசல் என்பது ஓசியில் கிடைத்த ஒரு ஜன்னல். மூடுமுன் பல் வைத்தியரின் கண்ணாடி போன்ற ஒன்றையும் சின்ன டோர்ச்சையும் உள்ளே விட்டுப் பாருங்கள். கிழித்த பொருள் துணியோடு நின்றதா, இறக்கைக்கு வடிவம் கொடுக்கும் விலாச் சட்டத்தையும் நசுக்கியதா? கட்டுப்பாட்டுக் கேபிள் உரசுகிறதா? விலாவோடு துணியைக் கட்டியிருக்கும் நூலை எலி கடித்திருக்கிறதா? எங்கள் பக்கத்தில் கட்டாயம் தேட வேண்டியது குளவிக்கூடு. நாலு கிழமை நின்ற விமானத்தின் இறக்கைக்குள் மண்கூடு கட்டிவிடும். இறக்கையின் பின்னோரத்தில் அசையும் பரப்பான எய்லரானுக்குள் கட்டினால் அது வெறும் அழுக்கு அல்ல, பின்னோரத்தில் ஏறிய நிறை. பின்னோரத்தில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் துளை வளையங்களையும் அதே மண்தான் அடைக்கும். துளை அடைபட்டால் வாடைக்காற்று மழை இறக்கைக்குள் தேங்கி, பருத்தித் துணி கீழிருந்து பூஞ்சணம் பிடிக்கும். மேலே பூச்சு மினுங்கும், கீழே துணி இற்றிருக்கும்.

துணி ஒட்டைத் தாங்குமா?

பலர் தாண்டிப் போகும் இடம் இது. நல்ல ஒட்டை இற்ற துணியில் போட்டால் ஒட்டு அப்படியே இருக்கும், அதன் கரையோரமாகப் புதிதாகக் கிழியும்.

பழைய ஏ-கிரேட் பருத்தித் துணி புதிதாக இருக்கும்போது ஓர் அங்குல அகலப் பட்டிக்கு 80 இறாத்தல் இழுவையைத் தாங்க வேண்டும். 56க்குக் கீழே இறங்கினால் பறக்கத் தகுதியில்லை. அதாவது புதிதின் 70 வீதம். இறக்கைச் சுமை சதுர அடிக்கு 9 இறாத்தலுக்குக் குறைவாகவும், தாண்டக்கூடாத வேகம் மணிக்கு 160 மைலுக்குக் குறைவாகவும் உள்ள மெல்லிய விமானங்களுக்கு இடைத்தரத் துணி போதும். அதற்குப் புதியது 65, கழிவு எல்லை 46. பைப்பர் கப் இந்த வகுப்பில் வரும். கணக்கில் எடுக்க வேண்டியது விமானத்துக்கு எந்தத் தரம் தேவை என்பதையே. கப்பில் யாரோ ஏ-கிரேட் போர்த்தியிருந்தாலும் எல்லை 46தான். பொலியெஸ்டர் போர்த்தியிருந்தாலும் அப்படியே: அந்த விமானத்துக்கு முதலில் தேவைப்பட்ட துணியின் 70 வீதத்தை அது தாங்க வேண்டும்.

அளக்க மோல் டெஸ்டர் என்ற சுருள்வில் கருவி உண்டு. துணியில் நேராக அழுத்தினால் அளவுகோலில் இறாத்தல் காட்டும். எங்கே அழுத்துவது என்பதில்தான் ஏமாறுவார்கள். கிழிசல் இறக்கையின் அடியில் இருக்கிறதென்று அடியிலேயே அளந்தால் விடை எப்போதும் இனிக்கும், ஏனென்றால் அங்கே வெயில் படாது. மேற்பரப்பில், அதுவும் கடும் நிறம் பூசிய இடத்தில் அளக்க வேண்டும். சிவப்பு, கறுப்பு, நீலப் பட்டிகள் வெப்பத்தை உறிஞ்சும். துணி முதலில் சாவது அங்கேதான். எல்லைக்கு அருகில் காட்டினால் கருவியோடு வாதாடாமல் ஒரு பட்டியை வெட்டி இழுவைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

மேற்பூச்சில் படர்தாமரை போல வட்டவட்டமாக வெடிப்பு இருந்தால் அது டோப், அதாவது துணியை இறுக்கிக் காக்கப் பூசும் செலுலோசுப் பூச்சு, காய்ந்து விறைத்ததன் அடையாளம். இளக்கும் திரவம் பூசினால் டோப் மறுபடி இளகும். துணிக்கு அது உயிர் கொடுக்காது.

என்ன துணி, என்ன டோப்

பதிவுப் புத்தகத்தில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கிழிந்த ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, தின்னரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, விமானத்துக்கு வெகுதூரத்தில் வெளியே கொண்டுபோய்க் கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் லினனும் கடதாசி எரியும் வாசத்தோடு சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி முனையில் கறுப்பு மணியாகக் கட்டும். டோப்பில் நைட்ரேட், பியூட்டிரேட் என்று இரண்டு வகை. அதன் ஒரு துண்டையும் அதேபோலச் சோதிக்கலாம். நைட்ரேட் ‘புஸ்’ என்று ஒரே பிடியில் எரியும், பியூட்டிரேட் மெதுவாக எரியும். அந்த ‘புஸ்’ஸைப் பார்த்த பிறகு நைட்ரேட் பூசிய இறக்கையைக் காய்ந்த உப்புத்தாளால் உரச மனம் வராது. தண்ணீர் விட்டு உரசுங்கள், உலோகச் சட்டத்தை நிலத்தோடு இணையுங்கள், நைலோன் உடுப்புப் போடாதீர்கள், துடைத்த துணிகளைத் தண்ணீர் வாளிக்குள் போடுங்கள்.

இந்தச் சோதனை எதற்கென்றால், நைட்ரேட்டின் மேல் பியூட்டிரேட் பிடிக்கும், பியூட்டிரேட்டின் மேல் நைட்ரேட் பிடிக்காது. பியூட்டிரேட்டின் கரைப்பான் கீழே இருக்கும் நைட்ரேட்டை இளக்கி அதனோடு கலக்கும். நைட்ரேட்டின் கரைப்பான் பியூட்டிரேட்டை அவ்வளவாக அசைக்காது, மேலே தோலாகக் காய்ந்து உரியும். வெறும் துணி வரை இறங்கினால் இரண்டில் எதையும் தொடங்கலாம், ஆனால் துணியைப் பிடிப்பதில் நைட்ரேட்தான் கெட்டி. பொலியெஸ்டரில் இது இன்னும் முக்கியம். அந்த இழை எதையும் உறிஞ்சாது. முதற் பூச்சு இழையைச் சுற்றி வளைத்துப் பிடித்தால்தான் உண்டு. பொலி-ஃபைபர் போன்ற வினைல் முறையில் போர்த்த விமானம் என்றால் டோப்பையே மறந்துவிட்டு அந்த முறையின் பசையையும் பூச்சையும் மட்டும் பாவியுங்கள். இரண்டு முறைகளைக் கலந்து சமைத்த சாம்பாருக்கு எந்தத் தயாரிப்பாளரும் பொறுப்பு ஏற்கமாட்டார்.

காற்றைப் பார்த்து வாளியைத் திறப்பது

டோப் வெள்ளையாகப் பூத்துப்போவது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த வியாதி. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்த்தும். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படியும். அந்த ஈரம் செலுலோசைத் திரளவைத்து வெளியே தள்ளிவிடும். வெள்ளையாய்த் தெரிவது வெறும் நிறக்குறை அல்ல, பலமில்லாத படலம்.

கணக்குப் பாருங்கள். காலை ஏழரைக்கு 31 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றால் பனிபடுநிலை கிட்டத்தட்ட 27 பாகை. பரப்பு வெறும் நாலு பாகை குளிர்ந்தாலே ஈரம் படியும். நல்ல டோப் தின்னர் அந்த நாலு பாகையைச் சுலபமாக இறக்கும். அதே ஊரில் தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று வீசும் நாளில், பிற்பகல் 34 பாகை, ஈரப்பதன் 50 வீதம் என்றால் பனிபடுநிலை 22. பன்னிரண்டு பாகை இடைவெளி இருக்கிறது. ‘காலையில் குளுமையாக இருக்கும், அப்போதே பூசிவிடுவோம்’ என்பது சுவருக்குப் பெயின்ட் அடிப்பவரின் புத்தி. டோப்புக்கு அது தலைகீழ். ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிச் சோடி ஒன்றைச் சுவரில் மாட்டி, ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் காட்டினால் வாளியைத் திறக்காமல் இருப்பது நல்லது. வாடைக்காலத்தில், ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை, கிழிசலைத் தற்காலிகமாக மூடி விமானத்தைக் கொட்டகையில் நிறுத்திவைத்தால் மானமும் துணியும் மிஞ்சும்.

கச்சானுக்கும் ஒரு குறை உண்டு: புழுதி. புழுதி அடங்க நிலத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடனே ஈரப்பதனை ஏற்றிவிடும். முதல் நாள் மாலையே கூட்டிக் கழுவிக் காயவிடுவதுதான் வழி. இன்னொன்று, அந்த வெக்கையில் டோப் தூரிகைக்குப் பின்னாலேயே காய்ந்து கயிறு கயிறாக நிற்கும், ஊசித்துளைகளும் விழும். அதற்குக் காய்வதைத் தாமதிக்கும் திரவமான ரிட்டார்டர் கொஞ்சம் சேர்க்க வேண்டும். லேசாகப் பூத்த இடத்துக்கும் அதே மருந்துதான்: தின்னரில் ரிட்டார்டர் கலந்து மெல்லிய தூவலாக அடித்தால் படலம் இளகி, ஈரம் வெளியேறித் தெளியும். ஏ.சி. அறையில் வைத்த டோப் வாளியை எடுத்த கையோடு திறக்காதீர்கள். குளிர்ந்த டோப்பில் காற்றின் ஈரம் இறங்கும். வெளி வெப்பத்துக்கு வரும் வரை மூடியோடு இருக்கட்டும்.

உப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்துறைமுகக் காற்றில் நிற்கும் விமானத்தின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படை இருக்கும். தின்னர் உப்பைக் கரைக்காது, இடம் மாற்றிவைக்கும். முதலில் நல்ல தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, அதன் பிறகுதான் கொழுப்பு நீக்கும் கரைப்பான். உப்பின் மேல் ஒட்டினால் அது அடியில் இருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

தைப்பதும் ஒட்டுவதும்

எதைத் தைப்பது, எதை வெறுமனே ஒட்டுவது? அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் பொதுவான பழுதுபார்ப்பு நூலில் உள்ள விதி தெளிவானது. தாண்டக்கூடாத வேகம் மணிக்கு 150 மைலுக்கு மேற்படாத விமானத்தில், எந்தப் பக்கமாகவும் 16 அங்குலத்துக்கு மேற்படாத சேதத்துக்குத் தைக்காமல் டோப்பால் ஒட்டலாம். கப் போன்றவை இதற்குள் அடங்கும். சிப்மங்க் அடங்காது, அதற்குத் தையல் வேண்டும். விமானத்துக்கென்று தயாரிப்பாளர் கொடுத்த கைந்நூல் இருந்தால் அதற்குத்தான் முதலிடம்.

நம்முடைய ‘ட’ கிழிசலில் துணி முழுதாக இருப்பதால் தைப்பதே அழகு. தையலுக்கு முன் பழைய டோப்பை எடுக்க வேண்டும். கிழிசலைச் சுற்றி இரண்டரை அங்குலத்துக்கு மறைப்பு நாடா ஒட்டி எல்லை போடுங்கள். தின்னரில் நனைத்துப் பிழிந்த துணியை அதற்குள் விரித்து, மேலே பொலித்தீன் மூடி, சில நிமிடம் விடுங்கள். பூச்சு கூழாகும். மர அல்லது பிளாஸ்டிக் சீவியால் வழித்தெடுங்கள். உலோகச் சீவி இழையை அறுக்கும். பிழிந்த துணி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு: சொட்டச் சொட்ட நனைத்தால் தின்னர் கிழிசல் வழியாக உள்ளே ஒழுகி, கீழ்த் துணியின் டோப்பையும் இறக்கையைத் தாங்கும் மர உத்தரமான ஸ்பாரின் வார்னிஷையும் இளக்கிவிடும். எம்.ஈ.கே. என்ற கடும் கரைப்பானைப் பாவிப்பவர்கள் பியூட்டைல் ரப்பர் கையுறை தேடி வாங்குங்கள். கடையில் மலிவாய்க் கிடைக்கும் நைட்ரைல் கையுறையை எம்.ஈ.கே. ஊடுருவிவிடும்.

வளைந்த ஊசி, தேன்மெழுகில் இழுத்த நூல். பருத்தியில் லினன் அல்லது பருத்தி நூல், பொலியெஸ்டரில் பொலியெஸ்டர் நூல். ‘ட’வின் மூலையில் தொடங்க வேண்டும். முதலில் மூலையைப் பிடித்துவிட்டால் இரண்டு ஓரங்களும் தத்தம் இடத்தில் நிற்கும். ஓர் அந்தத்திலிருந்து தைத்துக்கொண்டு வந்தால் துணி நகர்ந்து, கடைசியில் மூலையில் ஒரு சுருக்கம் மிச்சமாகி நின்று சிரிக்கும். ஊசி ஒவ்வொரு முறையும் கிழிசலின் இடைவெளிக்குள் இறங்கி, ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி அடியிலிருந்து மேலே வர வேண்டும், அடுத்தது எதிர்ப்பக்கம். பந்துக்குத் தோல் தைப்பது போல. இப்படித் தைத்தால் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டிக்கொண்டு நிற்கும். எட்டுப் பத்துத் தையலுக்கு ஒருமுறை முடிச்சுப் போட்டுப் பூட்டுங்கள், ஓர் இழை அறுந்தாலும் முழுவதும் உருவிவிடாது. விலாவில் துணியைக் கட்டும் முடிச்சை ஆங்கிலத்தில் கரைவலையின் பெயரால்தான் சொல்வார்கள். கரைவலை பொத்துகிறவர்களின் விரலுக்கு அது ஐந்து நிமிடப் பாடம். இழுவையில் ஒரு எச்சரிக்கை: ஓரங்கள் தொட்டால் போதும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று இறுக்கினால் துணி புடைத்துச் சுருங்கும், பிறகு டோப் இறுக்கும்போது அந்தச் சுருக்கம் நிரந்தரமாகும்.

மேலே போடும் துண்டு தையலின் எல்லாப் பக்கமும் இரண்டங்குலம் தாண்ட வேண்டும். துணி போய்த் துளையாகிவிட்ட இடத்திலும் 8 அங்குலம் வரை அதே இரண்டங்குலம்தான். அதற்கு மேல் துளையின் விட்டத்தில் கால்பங்கு, ஆகக் கூடியது நாலங்குலம். துளையை முதலில் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ வெட்டிச் சீராக்குங்கள். ஒட்டுத்துண்டின் ஓரம் தையற்காரர் பாவிக்கும் ஸிக்ஸாக் கத்தரிக்கோலால் பற்களாக வெட்டப்பட வேண்டும். பற்கள் ஓரத்தில் இழை உருவாமல் காக்கும், ஒட்டும் நீளத்தையும் கூட்டும். சதுரத் துண்டு வேண்டாம், நாலு மூலையும் காற்று தூக்குவதற்குத் தயாரான நாலு காது. துண்டின் பாவு இழையும் பழைய துணியின் பாவு இழையும் ஒரே திசையில் ஓட வேண்டும்.

ஒட்டு விலாவின் மேல் வந்தால், அல்லது விலாவை இந்த அளவுக்குள் நெருங்கினால், துண்டை விலாவுக்கு அப்பால் மூன்றங்குலம் நீட்டுங்கள். ஓரங்கள் காய்ந்த பிறகு புதிய வலுவூட்டும் நாடா வைத்து விலாவோடு கட்டுங்கள். பழைய கட்டை அவிழ்க்கக் கூடாது.

பருத்தியில் ஒட்டும் வரிசை இது. வெறுமையாக்கிய இடத்தில் பூஞ்சணக்கொல்லி கலந்த தெளி நைட்ரேட்டை இளக்கித் தூரிகையால் தேயுங்கள். துணிக்குள் இறங்க வேண்டும், மறுபக்கம் சொட்டக் கூடாது. அது காய்ந்ததும் கொஞ்சம் தடிப்பாக இன்னொரு பூச்சு, ஈரமாக இருக்கும்போதே துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தள்ளுங்கள். அடியில் வெளிறிய திட்டுத் தெரிந்தால் அங்கே காற்று நிற்கிறது. உடனே அழுத்தி வெளியேற்றுங்கள், காய்ந்த பிறகு அதை ஊசியால் குத்தித்தான் பார்க்கலாம். மேலே இன்னும் இரண்டு மூன்று தெளிப் பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. பழைய துணி ஏற்கெனவே இறுகியிருந்தால் இறுக்காத வகை டோப்பே நல்லது. இறுக்கும் டோப் ஒட்டைச் சுற்றிச் சூரியக் கதிர்கள் போலச் சுருக்கம் இழுத்துவிடும்.

பிறகு வெள்ளிப் பூச்சு. இது அலங்காரம் அல்ல, துணியை வெயிலிலிருந்து காப்பது இது ஒன்றுதான். இளக்காத தெளி டோப்பில் லீட்டருக்கு 30 கிராம் அலுமினியப் பேஸ்ட், தூள் என்றால் 22 கிராம் அளவில் போதும். ‘வெயில் ஊர், கொஞ்சம் கூடப் போடுவோம்’ என்று அள்ளிப் போட்டால் தகடுகளைப் பிணைக்க டோப் போதாமல் வெள்ளிப் படையே இரண்டாகப் பிளந்து உரியும். இரண்டு பூச்சு அடித்து, தண்ணீரில் உரசி, இருட்டில் உள்ளேயிருந்து டோர்ச் அடியுங்கள். ஒளி கசிந்தால் இன்னொன்று. அதன் மேல் நிறம்.

பொலியெஸ்டரில் வித்தியாசம் இஸ்திரிப்பெட்டியில் இருக்கிறது. முழுப் போர்வையைப் பொலி-ஃபைபர் முறையில் 250 பாகை ஃபாரன்ஹைட்டில் தொடங்கி 350இல் இறுக்குவார்கள், அதாவது 121இலிருந்து 177 பாகை செல்சியஸ். ஒட்டுப்போட்ட ஓரத்தில் அந்தச் சூட்டை வைக்கவே கூடாது, பசை இளகி ஓரம் நழுவும். ஓரத்துப் பற்களைப் படியவைக்க 225 ஃபாரன்ஹைட், அதாவது 107 செல்சியஸ் போதும். வீட்டு இஸ்திரிப்பெட்டியில் ‘சில்க்’, ‘கொட்டன்’ என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அடித்தட்டில் வெப்பமானி வைத்து அளந்து, குமிழில் பேனையால் குறியிடுங்கள். பளபளக்கும் தட்டைத் தூரத்திலிருந்து அளக்கும் அகச்சிவப்புக் கருவி குறைத்துக் காட்டும்.

அருகருகே இரண்டு ஒட்டு வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறவேண்டியிருந்தால், பின்னாலுள்ளதை முதலில் ஒட்டி முன்னாலுள்ளதை அதன் மேல் ஏற்றுங்கள். கிடுகு வேய்கிறவர் மழைக்குச் செய்வதை இங்கே காற்றுக்குச் செய்கிறோம்.

அசையும் பரப்புகள்

எய்லரான், எலிவேட்டர், சுக்கான் என்றால் இத்தனையும் செய்த பிறகும் வேலை முடியவில்லை. கீலுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிராமும் அந்தப் பரப்பைப் பின்பாரமாக்கும். பின்பாரமான பரப்பு வேகத்தில் படபடக்கத் தொடங்கினால் சில விநாடிகளில் கீலோடு பிய்ந்து போகலாம். பின்னோரத்தில் போட்ட உள்ளங்கை அளவு ஒட்டும், அதன் மேல் ஆறு பூச்சும் என்றால் கழற்றி, கைந்நூல் சொல்கிறபடி சமநிலை பார்த்தே பூட்ட வேண்டும். பழைய ஒட்டுகள் ஏற்கெனவே இரண்டு மூன்று இருந்தால் நான்காவதைப் போடாமல் அந்தப் பரப்பை மட்டும் புதிதாகப் போர்த்துவது மலிவு.

பதிவுப் புத்தகத்தில் இடம், அளவு, துணியின் வகை, டோப்பின் வகை, அன்றைய வெப்பநிலை, ஈரப்பதன் எல்லாம் எழுதி, உரிமம் பெற்ற பொறியியலாளரின் கையொப்பம் வாங்குங்கள். பத்து வருடம் கழித்து இதே இடத்தில் இன்னொருவர் இழையைக் கொளுத்திப் பார்க்கத் தேவையில்லை.

முதற் பறப்பு முடிந்து இறங்கியதும் ஒட்டின் முன்னோரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் நுழைந்தால் மேலே இன்னொரு பூச்சு அடித்து மறைக்க வேண்டாம். தூக்கிய பகுதியைத் துணி வரை கழுவி, ஈரக்குமிழைப் பார்த்துவிட்டு, மறுபடி ஒட்டுங்கள்.